படிக்காரமும் காந்தமும்: ஒரு குளிரின் வரலாறு

1908 ஜூலை 10 அன்று, ஹாலந்து நாட்டின் லைடன் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் விடியற்காலையில் தொடங்கிய வேலை மாலையில்தான் முடிந்தது. ஹெய்க்கே காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தைத் திரவமாக்கியிருந்தார். வாயுக்களிலெல்லாம் பிடிவாதக்காரரான ஹீலியம் 4.2 கெல்வினில் பணிந்தது. அதற்குச் சரியாகத் தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து, 2005 ஜூலை 10 அன்று, ஜப்பானின் தென்கோடியிலுள்ள உச்சினௌரா ஏவுதளத்திலிருந்து ‘சுசாகு’ என்ற ஊடுகதிர்த் தொலைநோக்கி விண்ணில் ஏறியது. அதன் வயிற்றிலும் திரவ ஹீலியம் இருந்தது. அந்த ஹீலியத்துக்குள்ளே, அதனினும் பன்மடங்கு குளிர்ந்ததாக, ஒரு உப்புக் கட்டி இருந்தது. தேதிகள் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே நடந்தவற்றில் தற்செயல் குறைவு. அக்கதையைத்தான் இங்கே சொல்ல முயல்கிறேன்.

குளிர்விப்பது என்றால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: திரவத்தை ஆவியாக்குவது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், குளிர்பதனப் பெட்டி இயங்குவதும் அவ்வழியில்தான். ஓன்னஸும் அதையே செய்தார். திரவ ஹீலியத்தின் மேலுள்ள ஆவியைப் பம்புகளால் உறிஞ்ச உறிஞ்ச, திரவம் மேலும் குளிர்ந்தது. 1922இல் அவர் எட்டிய அளவு 0.83 கெல்வின். அதற்குக் கீழே போக முடியவில்லை. திரவம் குளிரக் குளிர ஆவியாவதும் குறைகிறது. ஆவி இல்லாத இடத்தில் பம்பு எதை உறிஞ்சும்? தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது செல்சியஸ் கணக்கில் சுழிக்கு 273.15 பாகை கீழே இருக்கும் அந்த எல்லைக்கு, ஒரு பாகைக்கும் குறைவான தொலைவில் பாதை அடைபட்டுவிட்டது. ஓன்னஸ் 1926 பிப்ரவரியில் காலமானார்.

அதே 1926இல் அடைபட்ட பாதைக்குப் பக்கத்தில் வேறொரு வாசல் இருப்பதை இருவர், ஒருவரையொருவர் அறியாமல், சுட்டிக்காட்டினர். ஒருவர் சூரிச்சிலிருந்த பீட்டர் டிபை. மற்றவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்த வில்லியம் ஜியோக். கனடாவில் நயாகரா அருவிக்கரை ஊரில் பிறந்தவர். மின்பொறியாளராக விரும்பி, வேதித் தொழிற்சாலை ஒன்றில் இரண்டாண்டு வேலை பார்த்ததில் மனம் மாறி வேதியியலுக்கு வந்தவர். அவருக்குக் குளிர் ஒரு இலக்கே அன்று. வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதி மெய்தானா என்பதைச் சோதித்துப் பார்க்கவே அவருக்குத் தாழ்ந்த வெப்பநிலை வேண்டியிருந்தது. தனிச்சுழியை நெருங்க நெருங்கப் பொருளின் ஒழுங்கின்மை ஒடுங்கிவிடும் என்பது அவ்விதி. ஒழுங்கின்மையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த மனிதருக்கு, ஒழுங்கின்மையைக் கொண்டே குளிர்விக்கலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

அவர் கண்ட வழி இது. சில உப்புகளில் உள்ள அயனிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்த ஊசி. சாதாரண நிலையில் அவை கண்டபடி திரும்பிக் கிடக்கும். வலிய காந்தப்புலத்தில் வைத்தால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும். அணிவகுக்கும்போது வெப்பம் வெளியேறும். பிழியப்பட்ட பஞ்சிலிருந்து தண்ணீர் வடிவதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெப்பத்தைச் சுற்றியுள்ள திரவ ஹீலியம் வாங்கிக்கொள்ளும். பிறகு உப்புக்கும் ஹீலியத்துக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டு, காந்தப்புலத்தை மெல்லக் குறைக்க வேண்டும். பிடி தளர்ந்த ஊசிகள் பழையபடி கலையத் தொடங்கும். கலைவதற்கு வெப்பம் வேண்டும். வெளியிலிருந்து வர வழியில்லாததால் அதை உப்பின் சொந்த உடலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். பிழிந்த பஞ்சை விட்டவுடன் அது ஈரத்தை உறிஞ்சுவதுபோல. உப்பு குளிர்ந்துவிடும். ஓடும் திரவம் இல்லை, ஆவி இல்லை, அசையும் உறுப்பு இல்லை. ஒரு திடப்பொருளும் ஒரு காந்தமும் மட்டுமே.

காந்தத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள இவ்வுறவை 1881இல் ஜெர்மானியர் வார்பர்க் கண்டுபிடித்தார் என்று பாடநூல்கள் பலவும் எழுதிவந்தன. மூலக் கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்த டென்மார்க் ஆய்வாளர் ஒருவர் 2013இல் அது பிழை என்று காட்டினார். வார்பர்க் இரும்பில் அளந்தது வேறொன்று. மீளத்தக்க இவ்விளைவை முதலில் இனங்கண்டவர்கள் 1917இல் நிக்கலை ஆராய்ந்த வெய்ஸும் பிக்கார்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபாராமல் எடுத்தாண்டு நூற்றாண்டைக் கடத்தும் வழக்கம் இலக்கிய வரலாற்றுக்கு மட்டுமே உரியதன்று என்பது ஒரு வகையில் ஆறுதல்.

ஜியோக்கின் கருத்து தாளிலிருந்து மேசைக்கு வர ஏழாண்டுகள் ஆயின. பெர்க்லியில் முதலில் ஹீலியத்தைத் திரவமாக்கும் கருவியையே அமைக்க வேண்டியிருந்தது. அவரும் அவருடைய மாணவர் மக்டூகலும் 61 கிராம் கடோலினியம் சல்பேட் உப்பை எடுத்துக்கொண்டார்கள். புலத்தின் வலிமை 8000 காஸ். 1933 மார்ச் 19 அன்று 3.4 கெல்வினில் தொடங்கி 0.53 கெல்வினை அடைந்தனர். ஓன்னஸின் எல்லை ஒரே நாளில் தாண்டப்பட்டது. ஏப்ரல் 8இல் 0.34. மறுநாள் 0.25. அவர்கள் வெளியிட்ட குறிப்பு மிகச் சிறியது, ஆரவாரம் ஏதுமற்றது. அதே ஆண்டு லைடனிலும் டி ஹாஸ், வியர்ஸ்மா, கிராமர்ஸ் ஆகியோர் இவ்வழியில் இறங்கினர். 1949இல் ஜியோக்குக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. காந்த ஊசிகள் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தால் தங்களுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு, புலம் இல்லாதபோதும் ஒழுங்கு பெற்றுவிடும். பிறகு அவற்றால் குளிர்விக்க இயலாது. ஆகவே அவை விலகி நிற்க வேண்டும். அவற்றை விலக்கி நிறுத்துவது எது? படிகத்துக்குள் சிறைப்பட்டிருக்கும் நீர் மூலக்கூறுகள்தாம். கடோலினியம் சல்பேட்டில் எட்டு நீர். பிற்காலத்தில் விரும்பப்பட்ட உப்புகள் இன்னும் நீர் நிறைந்தவை: இரும்பு அம்மோனியம் படிக்காரம், குரோமியம் பொட்டாசியம் படிக்காரம், பன்னிரண்டு நீர் கொண்டவை. ஆம், படிக்காரமேதான். முடிதிருத்துவோர் கத்தி பட்ட கன்னத்தில் தேய்ப்பதும், கலங்கல் நீரைத் தெளியவைக்கக் குடத்தில் சுழற்றுவதும் இக்குடும்பத்தின் அலுமினிய உறுப்பினர். பேரண்டத்தை நோக்கிய கருவியின் உள்ளே இருந்த மிகக் குளிர்ந்த பொருள் நம் வீட்டுப் படிக்காரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

மூன்று பதிற்றாண்டுகள் காந்தக் குளிர் கோலோச்சியது. நாஜிகளிடமிருந்து தப்பி ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த ஃபிரான்சிஸ் சைமனும் நிக்கலஸ் குர்த்தியும் அதை வளர்த்தெடுத்தனர். 1956இல் குர்த்தி குழுவினர் செம்பின் அணுக்கருக்களையே காந்த ஊசிகளாகக் கொண்டு கெல்வினில் நூறாயிரத்தில் சில பங்கு வரை அக்கருக்களைக் குளிர்வித்தனர். இதே குர்த்திதான் சமையலறையில் இயற்பியலைப் புகுத்தி விரிவுரை நிகழ்த்தியவர் என்பது தனிக்கதை.

பிறகு, 1960களின் நடுவில், ஹீலியத்தின் இரண்டு ஐசோடோப்புகளைக் கலந்து இடைவிடாமல் குளிர்விக்கும் கரைசல் குளிர்விப்பான் வந்தது. காந்த முறைக்கு ஒரு குறை உண்டு: ஊசிகள் முழுவதும் கலைந்தபின் குளிர் தீர்ந்துவிடும், மீண்டும் புலம் ஏற்றி, வெப்பம் வடித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். புதிய கருவிக்கு அந்த நிறுத்தமே இல்லை. ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாக உப்பைக் கைவிட்டன.

கைவிடப்பட்ட ஒன்று மீண்டும் தேடப்பட்டதற்குக் காரணம், சிலிக்கான்.

1980களின் தொடக்கத்தில் ஊடுகதிர் வானியலாளர்களுக்கு ஒரு குறை இருந்தது. விண்மீன் திரள்களிலும் வெடித்த விண்மீன்களின் எச்சங்களிலும் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் கொதிக்கும் வாயு ஊடுகதிராக ஒளிர்கிறது. அந்தக் கதிரில் எந்தத் தனிமம் எவ்வளவு, எந்த வேகத்தில் நகர்கிறது என்ற செய்தி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எழுத்துகள் மிக நெருக்கமானவை. பின்னாளில் சந்திரா தொலைநோக்கியில் பறந்த ஒளிப்பட உணரிகள்கூட, 6000 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள கதிரை ஏறத்தாழ 130 வோல்ட் மங்கலோடுதான் அளந்தன. மூக்குக்கண்ணாடி இல்லாமல் பத்திரிகை வாசிப்பதைப் போன்றது அது.

நாசாவின் கோடார்டு மையத்தைச் சேர்ந்த ஹார்வி மோஸ்லி, ஜான் மாதர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டான் மக்கம்மன் ஆகிய மூவர் 1984இல் ஒரு கட்டுரை எழுதினர். (மாதர் பின்னர் வேறொரு பணிக்காக நோபல் பெற்றார்.) அவர்கள் சொன்னது வியக்கத்தக்க எளிமை உடையது: ஊடுகதிரின் ஒவ்வொரு துகளையும் ஒரு சிறு பொருளில் விழச்செய்து, அப்பொருள் எவ்வளவு சூடாகிறது என்று அளப்போம். ஒரு துகளின் ஆற்றல் ஒரு ஜூலில் பத்துக் கோடிகோடியில் ஒரு பங்கு அளவே. சாதாரண வெப்பநிலையில் இது எதையும் சூடாக்காது. ஆனால் தாழ்ந்த வெப்பநிலையில் படிகங்களின் வெப்பக் கொள்ளளவு வெப்பநிலையின் மும்மடி விகிதத்தில் சரிகிறது. 0.06 கெல்வினில் அந்த ஒற்றைத் துகள் கெல்வினில் ஆயிரத்தில் சில பங்கு உயர்வைத் தந்துவிடும். அதை உணர ஒரு வெப்பமானி வேண்டும்; குறைக்கடத்திதான் அந்த வெப்பமானி.

சிலிக்கானில் பாஸ்பரஸ் அணுக்களை அளவறிந்து புகுத்தினால், அக்குளிரிலும் எலெக்ட்ரான்கள் ஒரு மாசணுவிலிருந்து அடுத்ததற்குத் துள்ளித் துள்ளிச் செல்லும். வெப்பநிலை சற்றே உயர்ந்தாலும் துள்ளல் பெருகி மின்தடை சட்டென்று விழும். இது நன்மை. தீமையும் அதே சிலிக்கானிலிருந்துதான் வந்தது. உணரி தரும் நுண்ணிய சமிக்ஞையைப் பெருக்க டிரான்சிஸ்டர் வேண்டும். சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் சுமக்கும் எலெக்ட்ரான்கள் கடுங்குளிரில் தத்தம் அணுக்களிலேயே உறைந்துபோகும், அது செயலற்றுவிடும். ஆகவே டிரான்சிஸ்டர்களை 130 கெல்வினில் வைக்க வேண்டியதாயிற்று. சில சென்டிமீட்டர் தொலைவில் ஒருபுறம் 0.06 கெல்வின், மறுபுறம் அதைவிட இரண்டாயிரம் மடங்கு வெப்பம். இரண்டையும் பிரிப்பவை வெற்றிடமும் கெவ்லார் இழைகளும்தாம். இந்த ஏற்பாட்டின் முரணை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு அலுக்கவில்லை.

0.06 கெல்வினை விண்வெளியில் எப்படிப் பெறுவது? கரைசல் குளிர்விப்பான் உதவாது. அதில் கனமான கலவை கீழேயும் இலேசான கலவை மேலேயும் பிரிந்து நிற்க வேண்டும். எடையற்ற இடத்தில் மேலேது, கீழேது? உப்புக்கோ அந்தக் கவலை இல்லை. திடப்பொருளுக்கு எல்லாத் திசையும் ஒன்றே. பரணில் போடப்பட்ட ஜியோக்கின் முறை மீண்டும் கீழிறக்கப்பட்டது. பழைய முறையில் ஒரு மாற்றம்: புலத்தை ஒரேயடியாக நீக்காமல், உணரிக்குள் கசியும் வெப்பத்துக்கு ஈடாக மிக மெதுவாகக் குறைத்து வெப்பநிலையை அசையாமல் நிறுத்தினர். குளிர் தீர்ந்ததும் மீண்டும் பிழிந்தெடுத்து அடுத்த சுற்று. படிக்காரம் செம்பை அரிக்கும் என்பதால் பொன் கம்பிகளைச் சுற்றிப் படிகத்தை வளர்த்தார்கள். படிக நீர் வற்றிவிடாதிருக்க அதை எஃகு உறைக்குள் அடைத்து மூடினார்கள்.

மக்கம்மன் குழுவினர் 1990களில் இதைச் சிறு ராக்கெட்டில் ஏற்றிப் பார்த்தனர். 1999இல் நியூ மெக்சிகோ பாலைநிலத்திலிருந்து எழுந்த பயணத்தில் வானைப் பார்க்கக் கிடைத்தது ஏறத்தாழ நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடமும் கருவி சரியாக வேலை செய்தது.

இனி வருவது துயரங்களின் வரிசை. இக்கருவி முதலில் அமெரிக்கர்களின் பெரிய தொலைநோக்கித் திட்டத்தில், அதாவது பிற்காலத்துச் சந்திராவில், பறப்பதாக இருந்தது. செலவைக் குறைக்க 1992இல் திட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கருவி இருந்த பாதி 1993இல் கைவிடப்பட்டது. ஜப்பானியர் தம் ‘ஆஸ்ட்ரோ-ஈ’ செயற்கைக்கோளில் இடம் தந்தனர். 2000 பிப்ரவரி 10இல் அது ஏவப்பட்டபோது முதல் கட்ட எரிபொறியின் கூம்பு சிதைந்தது. கோள் சுற்றுப்பாதையை அடையவே இல்லை.

ஜப்பானும் நாசாவும் அதையே மீண்டும் கட்டின. அதுதான் 2005இன் சுசாகு. தென்திசைக்குரிய செந்நிறப் புள்ளின் பெயர். வெளியே இயந்திரக் குளிர்விப்பான், அதனுள் திட நியான், அதனுள் 1.3 கெல்வினில் திரவ ஹீலியம், நடுவே இரும்பு அம்மோனியம் படிக்காரம், அதன் நுனியில் சிலிக்கான் சில்லு. ஏவிய சில நாள்களில் உப்பு 0.06 கெல்வினை எட்டியது. உள்ளே வைத்திருந்த சோதனைக் கதிர்மூலத்தைக் கொண்டு அளந்ததில் மங்கல் வெறும் 7 எலெக்ட்ரான் வோல்ட். ஒரு விண்மீனைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ஆகஸ்ட் 8 அன்று ஹீலியம் முழுவதும் கொதித்து வெளியேறியது. காரணம் எளிதில் நம்ப முடியாதது. குடுவையிலிருந்து இயல்பாக வெளியேறும் ஹீலிய ஆவி நேரே விண்வெளிக்குப் போகாமல் செயற்கைக்கோளின் உடலுக்குள் தேங்கி, குடுவையின் காப்பு வெற்றிடத்துக்குள்ளேயே திரும்ப நுழைந்துவிட்டது. வெற்றிடம் கெட்டதும் வெளிவெப்பம் உள்ளே பாய்ந்தது. இரண்டாண்டுகளுக்கு மேல் நீடிக்க வேண்டிய குளிர் ஒரு மாதத்தில் முடிந்தது. சுசாகுவின் ஏனைய கருவிகள் 2015 வரை நல்ல பணி செய்தன என்பதையும் சொல்லவேண்டும்.

மூன்றாம் முயற்சி ‘ஹிட்டோமி’. கண்ணின் மணி என்று பொருள். 2016 பிப்ரவரி 17இல் ஏறியது. இம்முறை ஹீலியம் தீர்ந்தாலும் இயந்திரக் குளிர்விப்பானிலிருந்தே தொடங்கி இயங்கும்படி காந்தக் குளிர்விப்பானை மூன்று கட்டமாக அமைத்திருந்தனர். 2005 கற்றுத்தந்த பாடம். மிகக் குளிர்ந்த கட்டத்தில் குரோமியப் படிக்காரம், 0.05 கெல்வின். முப்பத்தாறு சிறு உணரிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. மங்கல் 5 எலெக்ட்ரான் வோல்ட். பிப்ரவரி இறுதியில் அது பெர்சியஸ் திரளை நோக்கியது. அத்திரளின் நடுவில் ஒரு கருந்துளை தன் தாரைகளால் சுற்றியுள்ள வாயுவைக் குடைந்து குமிழிகளை உண்டாக்கியிருப்பது முன்பே தெரியும். வாயு பெருங்கொந்தளிப்பில் இருக்கும் என்று பலரும் எதிர்பார்த்தனர். இரும்பின் கோடுகள் அகலவில்லை, கூர்மையாக நின்றன. கொந்தளிப்பின் வேகம் வினாடிக்கு 164 கிலோமீட்டர் மட்டுமே. அண்டத்தின் அளவுகோலில் அது அமைதி. முப்பதாண்டு உழைப்புக்குப் பின் மனிதர் முதன்முறையாக அவ்வெழுத்துகளை மூக்குக்கண்ணாடியோடு வாசித்தனர்.

மார்ச் 26 அன்று ஹிட்டோமி, சுழலாமலிருந்தபோதே தான் சுழல்வதாகக் கணித்துக்கொண்டு, இல்லாத சுழற்சியை நிறுத்த முனைந்தது. அம்முயற்சியே மெய்யான சுழற்சியை உண்டாக்கிற்று. அதைத் தணிக்க எரிபொறிகள் இயங்கியபோது, தரையிலிருந்து முன்பே ஏற்றப்பட்டிருந்த தவறான மதிப்புகளால் சுழற்சி இன்னும் மிகுந்தது. சூரியத் தகடுகள் பிய்ந்து பறந்தன. ஏப்ரல் 28இல் மீட்பு முயற்சி கைவிடப்பட்டது. பெர்சியஸ் அளவீடு ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வெளியானபோது, அளந்த கருவி உடைந்த துண்டுகளாகப் பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தப் பட்டியலை வாசித்துவருபவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ராக்கெட்டின் கூம்பு பழுதாயிற்று; ஆவி போகும் வழி பிழையாயிற்று; மென்பொருளின் எண்கள் பிசகின. விண்ணை எட்டிய இரண்டு முறையும் உப்பும் காந்தமும் தம் கடமையைச் செய்தன. மிகக் கடினமானது என்று அஞ்சப்பட்ட பகுதி தவறவில்லை. கோடார்டின் ரிச்சர்ட் கெல்லி போன்றோர் ஆஸ்ட்ரோ-ஈ காலந்தொட்டு இதிலேயே நின்று, அடுத்ததையும் கட்டத் தொடங்கியதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அடுத்தது 2023 செப்டம்பர் 7இல் தனேகாஷிமாவிலிருந்து ஏறிய ‘க்ரிஸம்’. நிலவுக்குச் சென்ற ஸ்லிம் கலமும் அதே ராக்கெட்டில் பயணம் செய்தது. உப்பு மீண்டும் 0.05 கெல்வினை எட்டியது. மங்கல் 5 வோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் இம்முறையும் ஒரு குறை நேர்ந்தது. தரையில் இருக்கும்போது குடுவையைக் காக்கும் வாயிற்கதவு விண்வெளியில் திறக்க வேண்டும். திரும்பத் திரும்ப முயன்றும் அது திறக்கவில்லை. நல்வாய்ப்பாக, அக்கதவில் பெரிலியத்தாலான மெல்லிய சாளரம் ஒன்று உண்டு. (ஹிட்டோமியும் பெர்சியஸை மூடிய கதவின் வழியாகத்தான் பார்த்தது.) வலிய கதிர்கள் அதனூடே வரும், ஏறத்தாழ 1700 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ்ப்பட்டவை தடுக்கப்படும். ஆக்சிஜன், நியான், மெக்னீசியம் ஆகியவற்றின் கோடுகள் அத்தோடு போயின. கதவைத் திறக்காமலே நோக்கத் தொடங்கினார்கள்.

2024 ஜனவரியில் முதல் நிறமாலை வெளியிடப்பட்டது. பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சம். கந்தகம், ஆர்கான், கால்சியம், இரும்பு ஆகியவற்றின் கோடுகள் வரிசையாக நின்றன. சாளரம் அனுமதிக்கும் எல்லைக்குச் சற்றே மேலே, இடது ஓரத்தில், சிலிக்கானின் கோடுகளும் இருந்தன.